ஐப்பசியில் வெட்டிய கொடி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில், நானும் இவரும் ஒரு ஒஃப் லைசன்ஸ் கடை நடத்திக்கொண்டிருந்தோம். 'இவர்' என்று நான் சொல்வது என் கணவரை. பெயர் சொல்லிப் பழக்கமில்லை, இத்தனை வயதுக்குப் பிறகு இனிப் பழகப் போவதுமில்லை. ஒஃப் லைசன்ஸ் என்றால் குடிவகை விற்கிற கடை. பால், பாண், பத்திரிகை, சிகரெட் எல்லாம் முன்பக்கம் இருக்கும். பின்சுவர் முழுக்கப் போத்தல்தான்.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் இரண்டு பேரும் அதுவரைக்கும் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. வாடிக்கைக்காரர் யாராவது வந்து, இன்று மீன் சமைக்கிறேன், எந்த வைன் நல்லது என்று கேட்டால், நான் முகத்தை நல்ல கெட்டிக்காரி போல வைத்துக்கொண்டு லேபலில் கோட்டைப் படம் போட்ட போத்தலாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். கோட்டைப் படம் போட்டவன் கொஞ்சமாவது வசதியான ஆளாய் இருப்பான், வசதியானவன் நல்லதாய்த்தான் செய்திருப்பான் என்பது என் கணக்கு. ஒருத்தரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

அந்த வருஷம் ஆவணி மாதம், சரியான மழை நாள் ஒன்றில், ஒரு வெள்ளைக்காரப் பெண் கடைக்குள் வந்தாள். முப்பது வயது இருக்கும். சேறு பிடித்த பூட்ஸ், இரண்டு கையிலும் இரண்டு போத்தல். வெளியே ஒரு பழைய வான் வண்டி நின்றது. கென்ட் பக்கம் தங்களுக்குக் குடும்பத் தோட்டம் இருக்கிறது, தகப்பனும் தானும் வைன் செய்கிறோம், உங்கள் கடையில் வைத்து விற்பீர்களா என்று கேட்டாள். கேட்கும்போதே 'இல்லை' என்ற பதிலுக்குத் தயாராய் நிற்கிற முகம். அந்தத் தெரு முழுக்க ஏறி இறங்கிவிட்டுத்தான் எங்களிடம் வந்திருக்கிறாள் என்று பார்த்தவுடனேயே விளங்கியது.

அந்தக் காலத்தில் இங்கிலாந்து வைன் என்றால் இங்கிலாந்துக்காரரே சிரிப்பார்கள். பிரான்சிலிருந்து வந்தது என்றால் மரியாதை, இத்தாலி என்றாலும் பரவாயில்லை. இந்த மழையிலும் குளிரிலும் திராட்சையா, அதிலிருந்து வைனா என்று கேலி செய்வார்கள். நானும் வாங்குகிற எண்ணத்தில் இல்லை. ஆனால் நனைந்துபோய் நிற்கிற பிள்ளையை அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. உள்ளே கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். கடை மூடுகிற நேரத்தைத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்காத மனுசன், அவளிடம் அடியில் என்ன மண் என்று கேட்டார். அவள் ஒரு கணம் விழித்துவிட்டு, சுண்ணாம்புப் பாறை என்றாள். இவர் தலையை ஆட்டினார். "எங்கட மண்ணும் அடியில சுண்ணாம்புக் கல்லுத்தான்" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவளிடம் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறித் தன் கதையைச் சொன்னார்.

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இவரை நான் கலியாணம் கட்டும்போது இவருக்குத் தொழில் முந்திரிகைத் தோட்டம். எங்கள் ஊர்ப்பக்கம் திராட்சையை முந்திரிகை என்றுதான் சொல்வோம். யாழ்ப்பாணத்தில் திராட்சையா என்று இப்போதும் கேட்கிறவர்கள் உண்டு. எழுபதுகளில் வெங்காயம், மிளகாயோடு அதுவும் நன்றாய் ஓடிய பயிர். ஆள் உயரத்துக்கு மேலே கம்பிப் பந்தல் போட்டு, கொடியை மேலே படரவிட்டு, கீழே நிழலில் நின்று குலை வெட்டுவார்கள். படிப்பு முடித்துவிட்டு உத்தியோகம் கிடைக்காத எத்தனையோ பெடியன்கள் அதில் இறங்கினார்கள். இவரும் ஒருவர். லண்டனுக்கு வந்த பிறகு அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. அன்றைக்கு அந்தப் பெண்ணிடம்தான் முதலில் கதைத்தார்.

அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். ஒக்டோபரில் அறுவடை, இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். இவர் அன்று பின்னேரமே நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐப்பசி பிறந்து சில நாளில் போனோம். பிள்ளைகளைக் குட்மேய்ஸில் இருந்த என் தங்கச்சி வீட்டில் விட்டோம். கடையைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்துக்கொண்டார். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? என்ன கொண்டுபோவது என்று நான் யோசித்து யோசித்து, கடைசியில் எங்கள் கடையிலேயே விலை கூடின போத்தலை எடுத்து, நல்ல கடுதாசியில் சுற்றி, நாடாவும் கட்டினேன். பிரெஞ்சு வைன். லேபலில் பெரிய கோட்டை.

ஆற்றுக்கு அடியால் போகிற சுரங்கப்பாதையைத் தாண்டிக் கென்ட் பக்கம் இறங்கினால் வேறு நாடு மாதிரி இருந்தது. சரிவான நிலம், வரிசை வரிசையாய்க் கொடி, நடுவில் பழைய செங்கல் வீடு. பக்கத்தில் கூம்புக் கூரை போட்ட ஒரு கட்டிடம். முந்திய காலத்தில் பியருக்குப் போடுகிற ஒரு பூவை அதில் காயவைத்தார்களாம். அந்தப் பயிர் படுத்த பிறகு, அந்த வீட்டுப் பெரியவர், அதாவது அவளுடைய தகப்பன், நிலத்தில் திராட்சை வைத்திருக்கிறார். ஊரே சிரித்ததாம். நாலு தலைமுறையாய் இருந்த குடும்பம் இந்த மனிசனோடு முடிந்தது என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் முகத்துக்கு நேரேயே சொன்னார்களாம்.

பெரியவருக்கு எழுபதை நெருங்கிய வயது. முழங்கால் ஏலாது, தடியூன்றித்தான் நடந்தார். நான் என் பரிசை நீட்டினேன். மகள் கடுதாசியைப் பிரித்தாள். பிரெஞ்சுப் போத்தலைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரிப் போனது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிரெஞ்சு வைனால்தானே இவர்களுடையதை ஒருவரும் தொடுவதில்லை. அந்த வீட்டுக்கே அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. பெரியவர் போத்தலை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அதைத்தான் முதலில் திறந்தார். நல்ல வைன் என்றும் சொன்னார். எங்களுக்கு அப்போதுதான் பிழிந்த பழச்சாறு தந்தார்கள். இனிப்பும் புளிப்புமாய், நல்ல சாறு.

சாப்பாட்டுக்கு முன்பு, காலையில், அறுவடைக்கு வந்திருந்த எல்லாரோடும் சேர்ந்து குலை வெட்டினோம். கொடி எல்லாம் இடுப்பளவுதான். குனிந்து குனிந்து எனக்கு முதுகும் நாரியும் முறிந்துவிட்டது. இவருக்கு ஒரே சிரிப்பு. பந்தல் போடாமல் இதென்ன மிளகாய்க் கன்று மாதிரி என்று பெரியவரிடமே கேட்டார். இங்கே இருக்கிற வெயிலுக்குப் பந்தல் போட்டால் பழுக்காது, மண்ணின் சூடு மேலே வர வேண்டும் என்று அவர் விளக்கினார். அவர் ஒன்று சொல்ல இவர் ஒன்று சொல்ல, மத்தியானம் வரைக்கும் வாக்குவாதம். இத்தனை வருஷத்தில் இவர் அவ்வளவு கதைத்து நான் பார்க்கவில்லை. எனக்குக்கூடக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

வீட்டின் தெற்குச் சுவரில் ஒரு பழைய கொடி இருந்தது. வயலில் இருந்தவை பெரியவர் வைத்தவை. சுவரில் இருந்தது அவருடைய தாத்தா கையால் வைத்தது. அடி என் தொடையளவு பருமன் இருக்கும், இரண்டு பெரிய கைகளாய்ப் பிரிந்து சுவர் முழுக்கப் படர்ந்திருந்தது. கறுப்புப் பழம். அதில் வருகிற கொஞ்ச வைனை விற்பதில்லை. அந்த வீட்டில் ஒரு கலியாணம், ஒரு பிள்ளைப்பேறு என்றால் மட்டும் திறப்பார்கள். தன் கலியாணத்துக்கும் அதைத்தான் ஊற்றினார்கள் என்று பெரியவர் சொன்னார். அன்று காலையில் அதன் குலைகளையும் வெட்டி முடித்திருந்தார்கள். ஏணி சுவரில் சாத்தியபடி இருந்தது, தோட்டக் கத்திரிக்கோலும் ஏணிப்படியிலேயே இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் பெரியவர் முழங்காலை ஆற்றிக்கொள்ள உள்ளே போனார். மகள் பழம் பிழிகிற இடத்தைக் காட்ட என்னைக் கூம்புக் கூரைக் கட்டிடத்துக்குக் கூட்டிப்போனாள். வந்தவர்கள் எல்லாரும் திரும்பவும் வயலுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் முற்றத்தில் தனியே.

எங்கள் பழக்கம் தெரியும்தானே. ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு, அங்கே வேலை கிடக்கும்போது சும்மா குந்தியிருக்க மனம் வராது. இவர் கொடியைப் பார்த்திருக்கிறார். பழம் வெட்டியாயிற்று, கொடி இன்னும் கத்தரிக்காமல் நிற்கிறது, பாவம், அந்த மனிசன் முழங்காலோடு எப்படி ஏணி ஏறப் போகிறார் என்று நினைத்திருக்கிறார். எங்கள் ஊரில் குலை வெட்டி முடிந்தால் அடுத்த வேலை அதுதான். கொப்பைக் கட்டையாய்க் கத்தரித்து, இலை முழுவதையும் உருவி, அடிமண்ணைக் கிளறி, தண்ணீர் விட்டால் இரண்டு கிழமையில், பதினாலே நாளில், துளிர்த்துவிடும். வருஷத்துக்கு இரண்டு தடவை காய்க்கும். பிறகு ஏன் யாரையும் கேட்கவில்லை என்று நான் கேட்டபோது இவர் சொன்ன பதில், "கேட்டா வேண்டாம், இருங்கோ எண்டுதானே சொல்லியிருப்பினம். மரியாதைக்கு வேறென்ன சொல்லுறது."

நாங்கள் திரும்பி வந்தபோது சுவர் மொட்டையாக இருந்தது.

ஒரு இலை இல்லை. சுவரின் கீழே பச்சையும் மஞ்சளுமாய் இலைக் குவியல், கொப்புக் குவியல். அடிமண் கிளறி, வாளியால் தண்ணீரும் ஊற்றியாயிற்று. இவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நல்ல காரியம் செய்த பிள்ளையைப் போலச் சிரித்தபடி ஏணியிலிருந்து இறங்கினார்.

மகள் போட்ட சத்தத்தில் வயலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன்னை யார் தொடச் சொன்னது என்று கேட்டாள். இந்த நாட்டில் மாசியில்தான் வெட்டுவார்கள். இலை தானாய்ப் பழுத்து விழுமுன் தன்னிடம் இருக்கிறதை எல்லாம் வேருக்கு அனுப்ப வேண்டும், அதை வைத்துக்கொண்டுதான் கொடி பனிக்காலம் முழுக்க உயிரோடு இருக்கும், நீ பச்சையாகவே வெட்டிவிட்டாய் என்று கத்தினாள். அவள் கண் கலங்கிவிட்டது. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். என் தாய் வீட்டில் யாராவது அப்படிச் செய்திருந்தால் நானும் கத்தித்தான் இருப்பேன். இவருடைய முகத்தை என்னால் பார்க்க ஏலவில்லை.

சத்தம் கேட்டுப் பெரியவர் தடியோடு வந்தார். மொட்டைச் சுவரைப் பார்த்தார். பிறகு கஷ்டப்பட்டுக் குனிந்து, குவியலில் இருந்து ஒரு இலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். உங்கள் ஊரில் இப்படி வெட்டினால் எப்போது துளிர்க்கும் என்று இவரிடம் கேட்டார். இரண்டு கிழமையில் என்று இவர் சொன்ன சத்தம் எனக்கே கேட்கவில்லை. இங்கே மே மாதம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று பெரியவர் சொல்லிவிட்டு, மகளிடம் எல்லாருக்கும் தேத்தண்ணி போடச் சொன்னார். அதைக் குடித்துவிட்டு வெளிக்கிட்டோம்.

காரில் வரும்போது நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். "கையை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதே உங்களுக்கு" என்று தொடங்கி, சுரங்கப்பாதை வரும்வரைக்கும் கிழித்தேன். இவர் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினார். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, "நானும் ஒரு தோட்டக்காரன் எண்டு வாய் கிழியக் கதைச்சனே" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு இவர் பழைய ஆளாக இல்லை. அவர்களுடைய வைனைக் கடையில் வைப்பதா இல்லையா என்று அதுவரைக்கும் நாங்கள் முடிவெடுக்கவில்லை. அடுத்த நாளே ரெலிபோன் எடுத்து, கொண்டுவாருங்கள் என்றார். கல்லாவுக்குப் பக்கத்தில், ஆட்கள் கண்ணில் படுகிற தட்டில் அடுக்கினார். வாடிக்கைக்காரர் சிரித்தால் நான் விட மாட்டேன். குடித்துவிட்டு வந்து சிரியுங்கள் என்பேன். சிலர் வாங்கினார்கள். ஒருவர் திரும்ப வந்து அதையே கேட்டபோது நான் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

மகள் மாதம் ஒரு தடவை வானில் பெட்டி கொண்டுவந்து இறக்குவாள். முன்பு மாதிரிக் கதைக்க மாட்டாள், தேத்தண்ணியும் குடிக்க மாட்டாள். இவர் ஒவ்வொரு தடவையும் வாசல்வரைக்கும் போய், கொடி எப்படி இருக்கிறது என்று கேட்பார். நித்திரை கொள்கிறது என்பாள். எல்லாக் கொடியும்தான் நித்திரை கொள்கிறது, பனிக்காலத்தில் உயிர் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது என்பாள். இவர் தலையாட்டிவிட்டு உள்ளே வருவார்.

தை மாதம் கவுன்சில் ஆட்கள் எங்கள் தெருவுக்கு வந்து, நடைபாதை மரங்களை எல்லாம் கொப்பில்லாமல் மொட்டையடித்தார்கள். வருஷா வருஷம் நடக்கிறதுதான். அந்த வருஷம் இவர் கடையை என்னிடம் விட்டுவிட்டுக் குளிரில் போய் நின்று அதைப் பார்த்தார். வெட்டுகிறவனிடம், இது திரும்ப வருமா என்று கேட்டிருக்கிறார். அவன், எப்போதும் வரும்தானே என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டான்.

அன்று பின்னேரம் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி கதைக்கத் தொடங்கினார். எங்கள் ஊரில் இருந்த தோட்டத்தை நாங்கள் விட்டுவிட்டு ஓடி வந்த நாட்களைப் பற்றி. வெளிக்கிடுவதற்கு முந்திய கிழமைதான் இவர் பந்தல் முழுவதையும் கத்தரித்திருக்கிறார். இலை உருவி, எரு போட்டு, தண்ணீரும் கட்டியாயிற்று. துளிர் வருமுன் சண்டை கிட்ட வந்து ஷெல் அடி தொடங்கிவிட்டது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டோம். பிறகு ஆமிக்காரர் பிடித்து, அந்தப் பக்கம் ஒருவரும் போக ஏலாத இடமாகிவிட்டது.

"வெட்டிப்போட்டு வந்தது துளிர்த்ததோ, பட்டுப்போச்சோ எண்டு இண்டைக்கு வரைக்கும் தெரியாது" என்றார். "இப்ப இஞ்சையும் ஒருத்தற்ற கொடியை வெட்டிப்போட்டுப் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

அந்த நாள் எனக்கும் நன்றாய் ஞாபகம் இருந்தது. நான் நகைகளை எடுத்தேன், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்தேன், பால்மா டின்னைக்கூட மறக்காமல் எடுத்தேன். தோட்டத்தை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகு வந்த இத்தனை வருஷத்திலும் நினைக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் இருந்துகொண்டு, இந்த மனுசன் தனியாக அந்தப் பந்தலுக்குக் கீழே நின்றிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐப்பசியில் காரில் வைத்துத் திட்டினதை நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன். "உதுக்கேன் இப்ப அழுகிறீர், புட்டு ஆறுது" என்றார் இவர்.

மே மாதம் வந்தது. மகள் வானில் வந்து பெட்டியை இறக்கினாள். இவர் கேட்குமுன்பே, ஞாயிற்றுக்கிழமை உங்கள் இரண்டு பேரையும் அப்பா வரச் சொன்னார் என்றாள். கொடி எப்படி என்று நான் கேட்டேன். வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முகத்தில் இருந்து ஒன்றும் படிக்க ஏலவில்லை.

இவர் காலையில் எழும்பி முகம் வழித்து, கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு நின்றார். செத்தவீட்டுக்குப் போகிறவர் மாதிரி. இந்த முறை போத்தல் இல்லை, விடியவே எழும்பி உழுந்து வடை சுட்டு எடுத்துக்கொண்டேன்.

வயலில் கொடி எல்லாம் பச்சைப் பசேல் என்று நின்றது. சுவர்ப் பக்கம் திரும்ப எனக்கே பயமாக இருந்தது. இவர்தான் முதலில் போனார். கொடியின் ஒரு கை, இடதுபக்கம் முழுவதும், கறுத்துப்போய் விறகாய்க் கிடந்தது. வலதுகையில், நுனிப் பக்கம், பஞ்சு போல நரை பிடித்த சின்னச் சின்ன மொட்டு. எண்ணிவிடலாம் போல அவ்வளவு குறைவு.

பெரியவர் நடந்ததை மறைக்காமல் சொன்னார். மற்றக் கொடிகள் நித்திரையில் இருக்கும்போதே, இது மட்டும் முந்திக்கொண்டு சித்திரையில் துளிர்த்ததாம். உங்கள் ஊரில் நிற்கிறதாய் நினைத்துவிட்டது போல என்றார். பிறகு ஒரு விடிகாலை உறைபனி பிடித்து அவ்வளவு துளிரும் கருகிவிட்டது. முடிந்தது என்றுதான் அவரும் நினைத்தாராம். மூன்று கிழமைக்குப் பிறகு இது வந்திருக்கிறது. பாதி போய்விட்டது, பாதி இருக்கிறது என்றார். இந்த வருஷம் பழம் வராது, அடுத்த வருஷமும் சந்தேகம்தான்.

இவர் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்று, மன்னிக்க வேண்டும் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். பெரியவர் அதை முடிக்க விடவில்லை. மகளைப் பார்த்து ஏணியைக் கொண்டுவரச் சொன்னார். அவள் ஏன் என்று கேட்டாள். பட்ட கையை வெட்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நோய் அடிமரத்துக்கு இறங்கிவிடும் என்றார். தன் காலைத் தட்டிக் காட்டி, தன்னால் ஏறேலாது என்றார். மகள், நான் ஏறுகிறேன் என்றாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அதே கத்திரிக்கோலையும் மரம் அரிகிற சின்ன வாளையும் எடுத்து இவர் கையில் கொடுத்தார்.

இவர் என்னைப் பார்த்தார். மகளின் முகம் இறுகிப்போய் இருந்தது. இருந்தாலும் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினாள். இவர் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, ஒவ்வொரு படியாய் ஏறினார். எங்கே வெட்டட்டும் என்று மேலே இருந்து கேட்டார். பெரியவர் இடத்தைச் சொன்னார். வெட்டுமுன் இவர் திரும்பவும் கேட்டார், இதிலேயா என்று. ஓம், அதில்தான் என்றார். ஒவ்வொரு வெட்டுக்கும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அந்த மனிசன் பொறுமையாய்ச் சொன்னார்.

அந்த நேரம்தான் நான் கீழே பார்த்தேன். பெரியவர் தன் தடியைச் சுவரில் சாத்திவிட்டு, நிற்கவே ஏலாத அந்த முழங்காலோடு, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் இறங்கும்வரைக்கும் விடவில்லை. மகளும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். பட்ட கை முழுவதும் கீழே விழுந்த பிறகு, வெட்டின இடத்தைப் பெரியவர் தடவிப் பார்த்துவிட்டு, உன்னுடைய வெட்டு என்னுடையதைவிடச் சுத்தம், காலம்தான் பிழையாய்ப் போனது, வருகிற மாசியில் வா, வயல் முழுக்க வெட்டக் கிடக்கிறது என்றார்.

இவர் ஏணியடியிலேயே குந்தியிருந்து அழுதார். நான் வடை சுற்றின கடுதாசிச் சரையைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மகள் இரண்டு வடை சாப்பிட்டாள், அன்றைக்குத்தான் முதல் தடவை திரும்பவும் தேத்தண்ணியும் குடித்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசியும் இவர் கென்டுக்குப் போனார். பெரியவர் இருக்கும்வரைக்கும் போனார், அவர் கண்மூடின பிறகும் போகிறார். சுவர்க் கொடி திரும்ப ஒரு கையை வளர்த்துக்கொண்டது. பெரியவரின் மகளுடைய கலியாணத்துக்குப் போனபோது அந்தக் கொடியின் வைனைத்தான் திறந்தார்கள். என் வாழ்க்கையில் நான் குடித்த ஒரே ஒரு மிடறு அன்றைக்குத்தான். இவரும் ஒரு மிடறு குடித்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "முந்திரிகை மாதிரித்தான் கிடக்கு" என்றார்.

எங்கள் தோட்டம் என்ன ஆனது என்று இன்றைக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வழி வருமோ என்னவோ. ஆனால் ஒன்று மட்டும் எனக்குள் நின்றுவிட்டது. மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், சொல்லிவிட்டு அந்த ஆளிடம் கடைச் சாவியைத் திரும்பக் கொடுக்காமலும் விட்டிருக்கிறேன். இப்போது யாராவது ஒரு வேலையைக் கெடுத்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் முன்னால் நின்றால், திட்டுவதற்கு வாய் வரத்தான் செய்கிறது, ஆனால் அதே வேலையைத் திரும்ப அவர் கையில் கொடுத்துவிட்டு நான் போய் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன்.